சோளத்துக்குள் இருந்த பாதை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதிலும் ஒரு பொருள் அதற்குரிய இடத்தில் இல்லாவிட்டால் உடனே வரும். இணையத்தில் எல்லோருமாகச் சேர்ந்து வரையும் அந்த வரைபடத்துக்குள் நான் நுழைந்ததே ஒரு கோபத்தில்தான்.

உத்தமபாளையத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, புல வரைபடம் என்று இந்தப் பள்ளத்தாக்கின் பாதி நிலம் என் மெஷின் கண்ணாடியில் குப்புறப் படுத்து எழுந்திருக்கிறது. ஒருநாள் கரண்டு மீட்டர் பார்க்க வந்தவர், ரீடிங்கைக் குறித்துக்கொண்டு, "உங்க கடைய மேப்புல போட்டிருக்கேன்க்கா" என்று செல்போனைக் காட்டினார். பார்த்தால் கடை சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, சைக்கிள் கடைக்கு மேல். என் கடையைத் தூக்கி எதிர்ச்சாரியில் வைக்க நீ யார் என்று கேட்டேவிட்டேன். அவர் சிரித்தார். யார் வேண்டுமானாலும் போடலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம், நீங்களே இழுத்து இந்தப் பக்கம் வையுங்கள் என்றார்.

முத்திரையும் கையெழுத்தும் இல்லாமல் ஒரு தாளில் புள்ளியைக்கூட மாற்ற முடியாது என்று இருபது வருடமாகப் பார்த்தவள் நான். எனக்கு அது நம்ப முடியாத பேச்சாக இருந்தது. அன்று மத்தியானம் கடையில் கூட்டம் ஓய்ந்ததும் என் கடையை இழுத்து அதன் இடத்தில் வைத்தேன். அப்படியே பக்கத்துக் கடை, அதற்கடுத்த கடை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். ஒரு மாதத்தில் அனுமந்தன்பட்டிக் கிணறுகள் வரை போய்விட்டேன்.

மீட்டர் பார்க்கிறவர் என்னைவிடப் பத்து வயது சிறியவர். என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். அவருடைய ஊரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஊருக்குக் கிழக்கே, வயலைத் தாண்டித் தள்ளி இருக்கும் தெரு அவர் தெரு. ஒரு தெரு ஏன் தள்ளி இருக்கிறது என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. சாதிதான் காரணம் என்று எல்லோருக்கும் தெரியும். நான் ஊருக்கு நடுவே இருக்கிற தெருவில் பிறந்தவள்.

அவருடைய வேலையே நடப்பது. வீடு வீடாக, தோட்டம் தோட்டமாக, மோட்டார் ரூம் மோட்டார் ரூமாக நடப்பார். காலையில் கிளம்பும்போதே செல்போனில் வழிப்பதிவை ஓடவிட்டுவிடுவார். நடக்க நடக்க அது சில நொடிக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வரும். சாயங்காலம் அந்தப் புள்ளிகளை ஏற்றினால் அன்று அவர் நடந்த வழி முழுவதும் திரையில் தெரியும். அதன்மேல் நாங்கள் கோடு வரைவோம். இந்த வட்டாரத்தில் பாதி வண்டிப்பாதைகள் அவர் காலடியால் வரைபடத்துக்கு வந்தவை.

சேர்ந்து வரைவதில் ஒரு தொல்லை உண்டு. ஆளாளுக்கு ஒரு டேக் போடுவார்கள். கோடு வரைந்தால் போதாது, அது என்ன என்று கூடவே குறிக்க வேண்டும், அதுதான் டேக். ஒரே வாய்க்காலுக்கு ஒருவர் ஆறு என்று போட்டார், ஒருவர் கால்வாய் என்று போட்டார், ஒருவர் சாக்கடை என்று போட்டார். வரைபடத்தில் பார்த்தால் சின்னமனூர்ப் பக்கம் ஆறாக ஓடிய தண்ணீர் அடுத்த ஊரில் சாக்கடையாகி அதற்கடுத்த ஊரில் மறுபடி ஆறானது. வரைகிறவர்களுக்கென்று செல்போனில் ஒரு குழு இருந்தது, அதில் நான் வயிற்றெரிச்சலோடு எல்லோரையும் திட்டி எழுதினேன். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் போடிக்காரர் ஒருவர் குழுவைக் கவனித்துக்கொண்டிருந்தார். திட்டுவதற்குப் பதிலாக விதி எழுதுங்களேன் என்றார். சரி, எழுதுவோம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் என் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்காருவோம். நானும் மீட்டர்த் தம்பியும் நேரில், போடிக்காரர் போனில். காலையில் இட்லியும் ராத்திரியில் பரோட்டாவும் போடுகிற டீக்கடை, டீக்கடையா ஓட்டலா என்று ஒரு மத்தியானம் முழுக்கப் பேசியிருக்கிறோம். ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சைக் கொடியைப் பிடுங்கிவிட்டு அதே கல்தூண் பந்தலில் பாகல் ஏற்றியிருப்பார்கள். கேட்டால் திராட்சைத் தோட்டம் என்றுதான் சொல்வார்கள். பந்தலைப் பார்க்காதே, கொடியைப் பார் என்று அதற்கு ஒரு விதி. கேரளாவுக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் விடியலில் ஜீப்புக்கு நிற்கும் இடங்களுக்குப் போர்டு கிடையாது, நிழற்குடை கிடையாது. அதை நிறுத்தம் என்று போடலாமா என்று நான் இழுத்தேன். தினமும் ஆள் நின்றால் அது நிறுத்தம்தான் என்று தம்பி பிடிவாதமாகச் சொன்னார். ஒத்துக்கொண்டேன். அது எங்கள் ஆறாம் விதி.

அவர் அப்படிப் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. அவருடைய அம்மா முப்பது வருடம் அந்த ஜீப்பில் மலையேறியவர்.

அந்த அம்மாவை எனக்குத் தெரியும். பென்ஷனுக்காக ஆதாரைச் சரிபார்க்கத் தம்பி கடைக்குக் கூட்டிவந்திருந்தார். விரல் ரேகை எந்திரத்தில் அவர் விரல் பதியவே இல்லை. துடைத்துப் பார்த்தோம், எண்ணெய் தடவிப் பார்த்தோம், பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தோம். எந்திரம் இல்லை இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அந்த அம்மா அதற்கு வருத்தப்படவில்லை. "ரேகையெல்லாம் ஏலத்தோட்டத்துலயே தேச்சுட்டு வந்துட்டேன் ஆத்தா, இங்கன வந்து கேட்டா எப்படி" என்றார். காத்திருந்த சனம் எல்லாம் சிரித்தது.

அன்று கண்ணை வைத்துப் பார்க்கும் எந்திரத்துக்கு ஆள் அனுப்பிவிட்டுக் காத்திருந்தபோது மகனின் செல்போனை வாங்கி என்னிடம் காட்டினார். பச்சையும் கோடுமாக அவர் கண்ணுக்கு அது ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனால் பெருமையாகக் காட்டினார். "இவன் எல்லாப் பாதையும் போட்டிருக்கானாம்ல. அவுக அப்பா போன பாதையப் போட்டிருக்கானான்னு கேளு. நான் போறதுக்கும் அதுதான்" என்றார். சும்மா இரும்மா என்று தம்பி சொன்னார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயதானவர்கள் சொல்வதுதானே என்று இருந்துவிட்டேன்.

சில வாரம் கழித்துத் தம்பி ஒரு கோடு போட்டிருப்பதைப் பார்த்தேன். அவர் தெருவின் கிழக்கு முனையிலிருந்து ஒரு புஞ்சையின் நடுவாக நேரே ஓடைக்கரை வரை. ஓடைக்கரையில்தான் அவர் தெருவின் சுடுகாடு. மேலேயிருந்து எடுத்த படத்தைப் பார்த்தால் அந்த இடத்தில் பாதையே இல்லை. ஒரே பச்சை. கை தவறியிருக்கும் என்று நினைத்து, அழிக்கட்டுமா தம்பி என்று கேட்டேன்.

"இல்லக்கா, பாதை இருக்கு. ஆளு செத்தா இருக்கும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. வாங்க காட்டுறேன் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தெருவுக்குள் நுழையாமல் வயல் வழியாகக் கூட்டிப்போனார். ஆள் உயரத்துக்கு மக்காச்சோளம் நின்றது. வரப்பு ஒன்று பக்கவாட்டில் போனதே தவிர நடுவில் தடமே கிடையாது. இங்கனயிருந்து அங்கன தெரியுதே அந்த வேம்பு, அதை நேராகப் பிடித்துப் போவார்கள் என்று கையைக் காட்டினார். அங்கேயே நின்றுகொண்டு அந்தப் பழக்கத்தைச் சொன்னார்.

புஞ்சைக்காரர் ஊருக்குள் இருக்கிற சம்சாரி, விவசாயம்தான் பிழைப்பு. நிலம் முழுவதையும்தான் உழுவார், முழுவதும்தான் விதைப்பார். பாதைக்கென்று ஒரு முழம்கூட விடமாட்டார். ஆனால் கிழக்குத் தெருவில் சாவு விழுந்து தப்புச் சத்தம் கேட்டால், அரிவாளை எடுத்துக்கொண்டு அவரே வருவார். சொட்டுநீர்க் குழாயைக் கழற்றிச் சுருட்டி வைப்பார். பாடை போகிற அகலத்துக்குச் சோளத்தை அறுத்துப் பக்கத்தில் போடுவார். கதிர் பிடித்திருந்தாலும் சரி, பால் பிடித்திருந்தாலும் சரி. அறுத்துவிட்டு, பாடை வருவதற்குள் போய்விடுவார். தெருக்காரர்களும் அந்த அகலத்துக்கு மேல் ஒரு அடி தாண்டி வைக்கமாட்டார்கள். பதினாறாம் நாள் முடியும்வரை அந்தக் கீற்றில் கலப்பை படாது. பிறகு உழுதுவிடுவார். பாதை போய்விடும், அடுத்த சாவு வரை. இவர்கள் கேட்டதும் இல்லை, அவர் கொடுத்தேன் என்று சொன்னதும் இல்லை. புஞ்சைக்காரருடைய அப்பா காலத்திலிருந்து அப்படித்தான்.

கேட்கும்போது எனக்கு மனசு என்னவோ செய்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், செய்தது. ஆனால் திரும்பி வரும் வழியிலேயே நான் மறுபடி ஜெராக்ஸ் கடைக்காரியாகிவிட்டேன்.

இந்த வரைபடம் நமக்காக இல்லை, ஊர் தெரியாமல் வருகிறவனுக்காக என்றேன். அவன் இந்தக் கோட்டை நம்பி வந்தால் சோளத்துக்குள் மாட்டிக்கொள்வான், புஞ்சைக்காரரும் திட்டுவார் என்றேன். புல வரைபடத்தில் இல்லை, நிலத்திலும் இல்லை, பின்னே எதை வைத்துப் போடுவது என்றேன். அவர் ஆறாம் விதியை எடுத்தார். ஜீப்பு நிக்கிற எடத்துக்கும்தான் போர்டு இல்ல, அங்க மட்டும் எப்படிக்கா போட்டோம் என்று கேட்டார். நியாயமான கேள்வி. நியாயமான கேள்விக்குப் பதில் இல்லாதபோதுதான் எனக்கு வாய் நீளும்.

"ஜீப்பு தினம் நிக்குது தம்பி. உங்க தெருவுல தினமுமா சாவு விழுது?" என்றேன்.

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு மெதுவாக எனக்கு முன்னால் போனார். கொட்டிய சொல்லை அள்ள முடியாது. அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். விதியை எழுதி முடித்தால் அந்தப் பேச்சு மறந்துபோகும் என்று நினைத்தேன்.

ஏழாம் விதியை நான்தான் எழுதினேன். பாதை என்று குறிக்க வேண்டுமானால் மூன்று வேண்டும்: கண்ணுக்குத் தெரிய வேண்டும், வருடத்தில் பெரும்பாலான நாட்கள் நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும், யாரும் போகலாம் என்றிருக்க வேண்டும். போடிக்காரர் படித்துவிட்டு ரொம்பத் தெளிவாக இருக்கிறது என்றார். தம்பியிடம் ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டோம். எங்கள் பழக்கம் அது, மூன்று பேரும் சரி என்றால்தான் விதி. அவர் ஷட்டருக்குக் கீழே தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்தார். ரூலுன்னா எல்லாத்துக்கும் ரூல்தான்க்கா, ஒத்துக்கிறேன் என்றார். நான் அழிக்கட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம், நானே அழிக்கிறேன் என்று என் கம்ப்யூட்டருக்கு முன்னால் வந்து உட்கார்ந்து அந்தக் கோட்டைத் தொட்டு அழித்தார். ஏன் மாற்றினாய் என்று வரைபடம் காரணம் கேட்கும். 'விதி 7' என்று எழுதினார்.

அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பதில் பிரயோசனமில்லை. பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டு ஆட்கள் போகிற சுடுகாட்டுக்குத் தார் ரோடு இருக்கிறது, விளக்குக்கூட எரியும், பதிவேட்டில் எண் போட்டு இருக்கிறது. எங்களுக்கு எல்லாமே பதிவேட்டில் இருந்ததால்தான் பதிவேட்டை நான் அவ்வளவு நம்பினேன் என்று அப்போது தோன்றவில்லை.

இரண்டு வருடம் போனது. புஞ்சைக்காரர் இறந்துபோனார். மகன்கள் திருப்பூரில் இருந்தார்கள். நிலத்தை வெளியூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார்கள். விற்ற மகன்களுக்கு அந்தப் பழக்கம் தெரியுமா, தெரிந்தும் சொல்லவில்லையா என்று இன்றுவரை தெரியவில்லை. எழுதி வைக்காத வழக்கம் பத்திரத்தில் எப்படி ஏறும்? வாங்கியவர் தென்னை வைக்கப்போவதாகவும், சுற்றிலும் கல் ஊன்றி வேலி போடப்போவதாகவும் மேனேஜர் ஒருவர் வந்து சொல்லி வேலையைத் தொடங்கினார்.

தம்பி கடைக்கு வந்தார். அம்மா படுத்த படுக்கையாக இருந்த நேரம். வேலி இன்னும் அடிக்கலக்கா, கல்லுதான் வந்து இறங்கியிருக்கு என்றார். என்ன கேட்க வருகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அவர் கேட்கும்வரை தெரியாத மாதிரி மெஷினில் தாள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஒரு கோடுதானக்கா. வாங்குனவுக வெளியூரு. போனைப் பாத்துத்தான் ஊரையே தெரிஞ்சுக்கிறாக. அதுல இருந்தா ஒரு வார்த்தை கேப்பாகள்ல."

மேப்பில் கோடு போட்டால் வேலி நின்றுவிடுமா என்று கேட்டேன். உங்களுக்கு ஒன்று போட்டால் நாளைக்கு ஆளுக்கொரு கோட்டோடு வருவார்கள் என்றேன். மூன்று பேரும் ஒத்துக்கொண்ட விதிதானே என்றும் கேட்டேன். கோட்டுக்குப் பதிலாக நல்ல மனு ஒன்று எழுதித் தருகிறேன் என்று உட்கார்ந்து நானே டைப் அடித்தேன். பார்வை, பொருள், உயர்திரு எல்லாம் வைத்து அழகான மனு. இணைப்பு என்ற இடத்தில் வைக்க ஒரு தாளும் இல்லை. மனு எங்கேயோ போய் அங்கேயே இருந்துவிட்டது. வேலி வந்துவிட்டது.

ஒரு காலையில் அவருடைய அம்மா இறந்துவிட்டதாகத் தகவல் வந்தது. கடையைப் பூட்டிவிட்டுக் கேதத்துக்குப் போனேன். அந்தத் தெருவுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. எத்தனையோ தடவை அதன் வீடுகளை ஒவ்வொன்றாகத் திரையில் சதுரம் சதுரமாக வரைந்திருக்கிறேன்.

பதினோரு மணிக்கு எடுத்தார்கள். கொள்ளிச்சட்டியோடு தம்பி முன்னால் போனார். மேலே துண்டு மட்டும். தெருமுனையோடு பெண்கள் நின்றுகொள்ள வேண்டும், அது வழக்கம். தெருமுனையிலிருந்து பத்தடியில் வேலி. புதுக் கம்பி வெயிலில் மின்னியது. அதற்கு அந்தப் பக்கம் இடுப்பளவு தென்னங்கன்றுகள், அதற்கும் அப்பால் அந்த வேம்பு.

கேட்டைத் திறக்கச் சொல்லிப் பெரியவர்கள் கேட்டார்கள். மேனேஜர் முரட்டு ஆள் இல்லை. நான் இங்கே வேலைக்கு இருக்கிறவன், முதலாளியைக் கேட்காமல் திறக்க முடியாது என்றார். போன் போட்டார். முதலாளி எடுக்கவில்லை. பாடையை இறக்கக் கூடாது என்பதால் தோள் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார்கள். தகவல் போய் அலுவலர் ஒருவர் வந்தார். பட்டாவில் பாதை இல்லை என்றார். வழக்கம் என்று ஒன்று இருக்கிறது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அதற்கு ஆதாரம் என்று அவர் கேட்டார். மேனேஜர் தன் செல்போனை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார்.

"மேப்புலயே இல்லீங்களே. எங்க இருக்கு பாதை, நீங்களே காட்டுங்க."

தம்பி கொள்ளிச்சட்டியைப் பக்கத்தில் இருந்தவர் கையில் கொடுத்தார். செல்போனை வாங்கினார். இரண்டு விரலை வைத்து அந்த இடத்தைப் பெரிதாக்கினார். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்த அதே விரல்கள். அவர் வரைந்த கிணறு, அவர் வரைந்த தெரு, அவர் வரைந்த ஓடை எல்லாம் அதில் இருந்திருக்கும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இல்லங்க" என்றார்.

நான் பத்தடியில் நின்றேன். எனக்குக் கேட்டது. இருந்தது, நான்தான் அழிக்கச் சொன்னேன், வரைபடத்தின் பழைய மாற்றங்களில் தேடினால் அந்தக் கோடு இன்றைக்கும் கிடைக்கும் என்று சொல்லியிருக்கலாம். அலுவலருக்கு என்னைத் தெரியும், அவர் ஆபீஸ் தாள்களே என் கடையில்தான் நகல் ஆகின்றன. சொல்லியிருந்தால் கேட் திறந்திருக்குமா தெரியாது. ஆண்கள் பேசுகிற இடம் என்று நினைத்தேன். நாம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். எல்லாம் பிறகு நானே சொல்லிக்கொண்ட சாக்கு. பயம்தான். அத்தனை பேர் முன்னால், அந்த அம்மாவின் பாடைக்கு முன்னால், நான்தான் என்று சொல்லப் பயம்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. தப்பு அடிக்கிறவர்கள் கையை நிறுத்தியிருந்தார்கள். கடைசியில் தம்பியே, போதும் திரும்புவோம், அம்மாவுக்கு வெயில் ஆகாது என்றார். தார் ரோட்டுக்குப் போய், வாய்க்கால் பாலம் தாண்டி, ஓடைக்குள் இறங்கிச் சுற்றிப் போனார்கள். வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்த மாதம். ஓடையில் முழங்காலுக்குத் தண்ணீர் என்று பிறகு சொன்னார்கள். நடுவில் ஒருவருக்குக் கால் வழுக்கிப் பாடை சாய்ந்து, எல்லோரும் ஓடிப் பிடித்தார்களாம். நாங்கள் பெண்கள் தெருமுனையில் நின்றோம். தப்புச் சத்தம் நேராகப் போகாமல் எங்களுக்குப் பின்னால் ஊரைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. அழுதுகொண்டிருந்த ஒரு பெண், அவுக புருசன் போன வழி கெடைக்கலையே பாவிமகளுக்கு என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. எனக்குத்தான் நெஞ்சில் இறங்கியது.

பத்து நாள் கழித்துப் பழக்கத்தில் வரைபடத்தைத் திறந்தேன். அந்தப் பக்கம் புதிதாக ஒரு வழிப்பதிவு ஏறியிருந்தது. நாளைப் பார்த்தேன். கேதத்தன்று. இடுப்பு வேட்டி மடிப்பில் செல்போன் இருந்திருக்க வேண்டும். தினசரிப் பழக்கத்தில் ஓடியதா, வேண்டுமென்றே ஓடவிட்டாரா என்று நான் கேட்டதில்லை.

புள்ளிகள் அவர் வீட்டிலிருந்து கிளம்பித் தெருவில் நேராக வருகின்றன. வேலிக்கு வந்ததும் அங்கே ஒரு சிக்கல். ஓர் இடத்தில் அசையாமல் நின்றால் செல்போன் தடுமாறிப் புள்ளியைச் சுற்றிச் சுற்றி வைக்கும். நூற்கண்டு அவிழ்ந்து சிக்கியது போல ஆகிவிடும். ஒரு மணி நேரப் புள்ளிகள். அதில் சில தடுமாற்றத்தில் வேலியைத் தாண்டித் தென்னங்கன்றுகளுக்குள்கூடப் போய் விழுந்திருந்தன. பிறகு அங்கிருந்து விலகித் தார் ரோடு, பாலம், ஓடை என்று பெரிய சுற்று. ஓடைக்குள் ஒரு இடத்தில் சின்னதாக இன்னொரு சிக்கல். பாடை சாய்ந்த இடம் அதுவாகத்தான் இருக்கும்.

அந்தச் சுற்றுவழியை அவரே பாதையாகவும் வரைந்திருந்தார். டேக் எல்லாம் சரி. நடைபாதை, மண் தரை, தண்ணீர் கடக்கும் இடம் என்று ஒன்றுவிடாமல் நிரப்பியிருந்தார். கண்ணுக்குத் தெரிகிறது, நடக்க முடிகிறது, யாரும் போகலாம். ஏழாம் விதிப்படி ஒரு குறை சொல்ல முடியாது. நான் கடையில் உட்கார்ந்து அழுதேன். நகல் எடுக்க வந்தவர்கள் என்ன என்று கேட்டதற்கு, கண்ணில் மெஷின் தூசி என்றேன்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வரவில்லை. மீட்டர் பார்க்க வரும்போது வணக்கம்க்கா என்று சொல்லிக் குறித்துக்கொண்டு போவார். குறை சொல்ல முடியாத மரியாதை. ஒருநாள் அம்மாவின் இறப்புச் சான்றிதழை நகல் எடுக்க வந்தார். மூன்று காப்பி. மெஷின் மூடியைத் திறந்து தாளைக் கண்ணாடியில் கவிழ்த்து வைக்கும்போதுதான் எனக்குப் பேச வந்தது. ஏழாம் விதியை மாற்றப்போகிறேன் தம்பி, எழுதி வைத்திருக்கிறேன் என்றேன். சாவுக்கு மட்டும் திறக்கும் வழி என்று ஒரு தனி டேக், ஆதாரத்துக்குத் தெருக்காரர் வாய்ச்சொல் போதும், போடிக்காரரும் சரி என்றுவிட்டார், நீங்கள் சரி என்றால் முடிந்தது, அந்தக் கோட்டை நீங்களே மறுபடி போடுங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன். கம்ப்யூட்டர் நாற்காலியை அவர் பக்கம் தள்ளிக்கூட வைத்தேன்.

அவர் நாற்காலியைப் பார்த்தார். உட்காரவில்லை.

"விதிய மாத்துங்கக்கா, வேற தெருவுக்கு ஆகும். அங்கன இப்பப் பாதை இல்லையேக்கா. தென்னை நிக்கிது. இல்லாதத எப்படிப் போடுறது?"

குத்திக்காட்டவில்லை. எனக்குத் தெரியும், அவருக்குக் குத்திக்காட்ட வராது. உண்மையாகவே யோசித்துத்தான் சொன்னார். நான் கற்றுக்கொடுத்த ஒழுங்கு. மூன்று காப்பியை மடிக்காமல் வாங்கி உறையில் போட்டுக்கொண்டு, வர்றேன்க்கா என்று போனார். ஒன்று இருந்தபோது அதைப் போட நான் விடவில்லை. நான் கெஞ்சும்போது அது இல்லை.

விதியை மாற்றினோம். வேறு ஊர்களிலிருந்து இதுவரை நான்கு தெருக்காரர்கள் அப்படிப்பட்ட வழிகளைக் காட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் நானே நேரில் போய்ப் பார்த்து, கரும்புக்குள்ளும் வெங்காயத்துக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத கோட்டைப் போடுகிறேன். எதிரே தெரிகிற மரத்தைக் குறித்துக்கொள்கிறேன். பிராயச்சித்தம் என்றெல்லாம் சொல்லிக்கொள்ள எனக்கு வாய் இல்லை.

போன மாதம் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் ஒரு படத்தைப் போட்டுக் கேட்டிருந்தார். இந்த இடத்தில் வேலியை ஒட்டி ஒரே புள்ளிக் குவியலாக இருக்கிறதே, கருவிக் கோளாறா, சுத்தம் செய்துவிடலாமா என்று. நல்ல பிள்ளை, எனக்குத் தெரிந்த வகை. ஒழுங்கில்லாததைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. குழுவில் தம்பியும் இருக்கிறார், எழுதுவதில்லை, ஆனால் படிப்பார். நான் பதில் எழுதினேன். கோளாறு இல்லை, விட்டுவிடுங்கள், அங்கே ஓர் அம்மாவை ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்திருந்தார்கள் என்று எழுதினேன். யார் நிறுத்தியது என்று அவர் கேட்டார்.

வேலிக்காரர் என்று எழுதினேன். அதைத்தான் இரண்டு விரலால் சட்டென்று அடிக்க முடிந்தது. அனுப்பிய பிறகு தம்பி படித்துவிட்டார் என்று காட்டும் குறி விழுந்தது.

பத்தடியில் நின்றும் சொல்லவில்லை, குழுவிலும் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன். அந்தச் சோளத்துக்குள் பாதை இருந்தது. அதை அழிக்க வைத்தவள் நான்.